ஒட்டிய அட்டையா, வரைந்த அட்டையா?

கடந்த மாதம் அம்மாவுக்கு 70 வயது நிறைந்தது. வாழ்த்து அட்டையை என் கையாலேயே செய்வது என்று தீர்மானித்துவிட்டேன். ஆனால் பழைய படங்களைப் பொறுக்கி ஒட்டுவதா, ஒரே தாளில் வரைந்து எழுதுவதா என்று யோசித்ததில் இரண்டு நாள் போயிற்று. கடைசியில் வரைந்தேன். இன்னொரு முறை செய்தாலும் வரையத்தான் செய்வேன்.

ஒட்டுவதன் வசதி எல்லோருக்கும் தெரிந்ததே. வரைய வராதவரும் ஒரே மாலையில் முடித்துவிடலாம். கல்யாணப் படத்தைப் பார்த்தவுடன் முகமும் மலர்ந்துவிடும். செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் பார்த்தது, எது நாள்பட நிற்கும் என்பதை. எங்கள் வீட்டில் வாழ்த்து அட்டையை யாரும் எறிவதில்லை. அம்மா அதை பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்திருப்பார். ஊரிலிருந்து யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவார். மூன்று வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு நான் செய்த ஒட்டு அட்டையும் அங்கேதான் இருந்தது. வெள்ளைப் பசையின் ஈரத்தை உறிஞ்சி முதல் நாளே தாள் நெளிந்துவிட்டது. அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் வீட்டுப் பிரிண்டரில் எடுத்த படங்களை எதிரெதிர்ப் பக்கங்களில் ஒட்டியிருந்தேன். சென்னையின் ஐப்பசி ஈரத்தில் அவற்றின் மேற்பூச்சு இளகி ஒன்றோடொன்று பற்றிக்கொண்டது. பிரித்தபோது அப்பாவின் முகம் பாதி உரிந்து எதிர்ப் பக்கத்தோடு போய்விட்டது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. மைதாப் பசையில் ஒட்டினால் பூச்சி வேறு வரும். பைண்டிங் செய்பவர்கள் அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது அதற்காகத்தான்.

வரைந்த அட்டையில் பசைக்கு வேலையே இல்லை. 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, தடித்த ஏ4 தாள் ஒன்று போதும். இரண்டாக மடித்தால் 148 × 210 மி.மீ. வரும். இவ்வளவு தடித்த தாளை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடிக்கும். அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் முனையால் அழுத்திக் கோடு இழுத்துக்கொண்டு மடிக்க வேண்டும். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது வளைவின் முதுகு எந்த வாக்கில் ஓடுகிறதோ, அதுவே இழை ஓடும் திசை. மடிப்பு அதையொட்டி அமைந்தால் சுத்தமாக விழும்.

முகப்பில் அம்மா மார்கழியில் போடும் கோலம்: 7 புள்ளி, 4 வரை, இடுக்குப்புள்ளி (ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசைப் புள்ளிகளின் இடுக்கில் வரும்). மொத்தம் 37 புள்ளிகள். 15 மி.மீ. இடைவெளி விட்டால் கச்சிதமாக அடங்கும். பென்சிலால் புள்ளி வைத்து, நீரில் கரையாத கறுப்பு டிராயிங் மையால் கோடு இழுத்தேன். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். வெளிச்சத்தில் வெளுக்கும், ஈரக்கை பட்டால் பரவும். கரி சேர்ந்த மை காய்ந்துவிட்டால் இரண்டுக்கும் அசையாது. உள்ளே பத்து வரிதான் எழுதினேன். விடியற்காலைக் குளிரில் அம்மா கோலம் போட, நான் செம்மண் கிண்ணத்தோடு பின்னால் நின்றதைப் பற்றி. அதைப் படித்துவிட்டு அம்மா வெகுநேரம் அட்டையை மூடவில்லை.

பூக்களை அழுத்திக் காயவைத்து ஒட்டும் முறையை ஒரே ஒரு தடவைதான் முயன்றிருக்கிறேன். மல்லிகை பழுப்பாகிவிட்டது, காகிதப்பூ நிறம் மாறவில்லை. ஆறு மாதமே ஆவதால் அதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

அடுத்து அண்ணன் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள் வருகிறது. இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயது, படம்தான் பிடிக்கும். அவளுக்கு மட்டும் ஒட்டு அட்டை: ஸ்டூடியோவில் எடுத்த பிரதிகள், பசைக்குப் பதில் இரட்டைப் பக்க டேப், படங்கள் முகம் பார்க்கும் இடத்தில் ஒரு பட்டர் பேப்பர்.