மட்டக்களப்பின் தேர்தல் வரலாற்றுக்கென ஒரு வாசிகசாலை: பயனாளர் மதிப்பீடு

மட்டக்களப்பு நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் தம் சொந்தச் செலவில் நடத்திவரும் சிறிய வாசிகசாலையொன்றில், மாவட்டத்தின் தேர்தல்கள் பற்றிய பத்திரிகை நறுக்குகள், துண்டுப்பிரசுரங்கள், பெறுபேற்றுப் பட்டியல்கள் ஆகியன தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டுள்ளன. விளம்பரம் வேண்டாமென்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயரை இங்கே எழுதவில்லை. நகரில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கும் எவரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். கட்டணம் கிடையாது. போட்டோக்கொப்பி எடுப்பதற்கு மட்டும் சிறு தொகை பெறுகிறார்கள்.

இப்பிரிவின் உயிர்நாடி 1947 முதல் 1977 வரையான கோவைகளே. பெரும்பாலானோர் நம் மாவட்டத்தின் நாடாளுமன்ற வரலாற்றை 1956 இல் தமிழரசுக் கட்சியின் சார்பில் செ. இராசதுரை வெற்றிபெற்றதிலிருந்து தொடங்குவார்கள். இங்கோ முதற்கோவையைத் திறந்தவுடன், 1947 இல் மட்டக்களப்புத் தொகுதியின் முதலாவது உறுப்பினராக ஐக்கிய தேசியக் கட்சியைச் சேர்ந்த சின்னலெப்பை தெரிவானதும், அதே தேர்தலில் கல்குடாவில் வ. நல்லையா வெற்றிபெற்றதும் கண்முன் வருகின்றன. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே தொகுதியில் வாக்களித்து ஒருவரையே அனுப்பிய காலம் ஒன்று இருந்தது என்பதை இன்றைய மாணவர் ஒருவர் கையால் தொட்டு அறிவதற்கு இதைவிடச் சிறந்த வாய்ப்பை நான் இம்மாவட்டத்தில் கண்டதில்லை.

அடுத்து வருவது இரட்டை அங்கத்தவர் தொகுதிக் காலம். தொகுப்பாளர்களின் உழைப்பு முழுமையாகத் தெரியும் இடம் இதுதான். 1959 ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்தைத் தொடர்ந்து 1960 மார்ச் தேர்தலில் மட்டக்களப்பு இரு உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் தொகுதியாக மாறியது. கலந்து வாழும் சமூகங்கள் இரண்டும் தமக்கான குரலைப் பெற வேண்டுமென்பதே அத்தகைய தொகுதிகளின் நோக்கம். 1960 இல் இராசதுரையுடன் மாக்கான் மாக்கார் தெரிவானபோது அந்த நோக்கம் நிறைவேறியது. ஆனால் 1970 இல் இராசதுரையும் சுயேச்சையாகப் போட்டியிட்ட ராஜன் செல்வநாயகமும் வென்றதால், முஸ்லிம் உறுப்பினர் ஒருவரும் இத்தொகுதியிலிருந்து செல்லவில்லை. 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் இராசதுரையும், தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் கவிஞர் காசி ஆனந்தனும் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றனர். இராசதுரை முதலாமவராகவும், ஐக்கிய தேசியக் கட்சியின் பரீத் மீராலெப்பை இரண்டாமவராகவும் தெரிவாக, காசி ஆனந்தன் தோற்றார். ஒரே தொகுதியின் இந்த மூன்று பெறுபேறுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும்போது, ஏற்பாடு எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், போட்டியிடுவோரின் எண்ணிக்கையும் வாக்குகள் பிரியும் விதமுமே இறுதியில் யார் போவார்கள் என்பதைத் தீர்மானிக்கின்றன என்பது விளங்கும். இதை எந்த வகுப்பறை விரிவுரையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடாது.

குறை சொல்ல வேண்டிய இடமும் இதனருகிலேயே இருக்கிறது. இராசதுரையின் பேச்சுகள், ஊர்வலங்கள், 1979 இல் அவர் அரச தரப்புக்குச் சென்று அமைச்சரானது என்பவற்றுக்குப் பல கோவைகள் உள்ளன. முஸ்லிம்கள் செறிந்து வாழும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அதே தேர்தல்களில் நடந்த பிரசாரத்துக்கு மிகச் சில தாள்களே உள்ளன. ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் 1965 முதல் கல்குடாவைத் தொடர்ந்து வென்று, நீதி அமைச்சராகவும் இருந்த கே. டபிள்யூ. தேவநாயகத்துக்கு ஒரு மெல்லிய உறை மட்டுமே உண்டு. தமிழ்த் தேசியக் கட்சிகளுக்கு வெளியே நின்ற வாக்குகள் ஏன் கல்குடாவில் அவ்வளவு உறுதியாக இருந்தன என்று அறிய விரும்பும் ஒருவர் அந்த உறையோடு ஏமாற்றமடைவார். சேகரித்தவர்களின் விருப்பம் சேகரிப்பின் எல்லையாகிவிடக் கூடாது என்பதை அவர்களிடம் நேரில் சொன்னேன். முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றிடம் பழைய பிரசுரங்களைக் கேட்டிருப்பதாகப் பதிலளித்தார்கள்.

தொகுதிக்குப் பதிலாக மாவட்ட அளவில், கட்சிகள் பெறும் வாக்குகளுக்கேற்ப ஆசனங்களைப் பகிரும் விகிதாசார முறைக் காலத்துக்கான பகுதி தரத்தில் ஒரே சீராக இல்லை. 1989 இல் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அ. அமிர்தலிங்கம் மட்டக்களப்பில் போட்டியிட்டுத் தெரிவாகாமல் தேசியப் பட்டியல் வழியே நாடாளுமன்றம் சென்றது பற்றிய நறுக்குகள் நன்றாகப் பேணப்பட்டுள்ளன. 2001 டிசம்பர் 5 அன்று புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரை (வாவியின் மேற்குக் கரை) பகுதிகளின் வாக்காளர்கள் சோதனைச் சாவடிகளைக் கடக்க விடப்படாததும், அது வாக்குரிமை மீறல் என 2003 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் தனிக் கோவையாக உள்ளன. வாக்களிக்கப் புறப்பட்டுத் திரும்பி வந்த மக்களும் தேர்தல் வரலாற்றின் பகுதியே என்று கருதி இக்கோவையைப் பெறுபேற்றுப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே வைத்த முடிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2005 நத்தார் ஆராதனையின்போது புனித மரியாள் தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கத்தின் கோவையையும் அதே பொறுப்புணர்வோடு தொகுத்திருக்கிறார்கள்.

2010 க்குப் பிற்பட்டவை பெரும்பாலும் இணையத்திலிருந்து அச்சிட்ட பட்டியல்கள். அவற்றில் ஒரு பெரிய குறை உண்டு: ஆசனங்கள் எவ்வாறு பகிரப்பட்டன என்ற கணக்கு எங்கும் காட்டப்படவில்லை. 2024 பொதுத் தேர்தலில் நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. இங்கே தமிழரசுக் கட்சி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்குகளுடன் ஐந்து ஆசனங்களில் மூன்றைப் பெற்றது. மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு மேலதிக ஆசனம் ஒன்று முதலில் வழங்கப்படுகிறது. ஐந்து வீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகளின் வாக்குகள் கழிக்கப்படுகின்றன. பின்னர் எஞ்சிய நான்கு ஆசனங்களும் வாக்குகளின் அளவுக்கும் மீதிக்கும் ஏற்பப் பகிரப்படுகின்றன. இந்த ஒழுங்கை ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டால், 2020 இல் சிறையில் இருந்தபடியே 54,198 விருப்பு வாக்குகள் (கட்சிப் பட்டியலிலுள்ள வேட்பாளருக்குத் தனியே இடும் வாக்குகள்) பெற்று மாவட்டத்தில் முன்னணியில் நின்ற பிள்ளையானின் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சிக்கு ஏன் ஒரு ஆசனம் மட்டும் கிடைத்தது என்பதை மாணவர்கள் தாமாகவே கணித்தறிவார்கள்.

அம்பாறை பற்றி அறிய வருவோர் இங்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரையான காலத்துக்குக் கல்முனை, பொத்துவில் தொகுதிகளின் தாள்கள் கிடைக்கின்றன. அதன் பின்னர் 1977 இல் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்த பொத்துவிலில் ஜலால்தீனும் கனகரத்தினமும் தெரிவானது பற்றிச் சில நறுக்குகள் மட்டுமே உள்ளன. அம்பாறையை உள்ளடக்கிய திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்தில் 2020 இல் தமிழ் வாக்குகள் பிரிந்து ஒரு தமிழ் உறுப்பினரும் நேரடியாகத் தெரிவாகாமற்போனது போன்ற முக்கியமான நிகழ்வுகளுக்குக் கோவையே இல்லை.

பழைய தாள்கள் நொறுங்கும் நிலையில் இருப்பதால், பிரதி எடுக்கும் பொறியில் வைக்க அவற்றைத் தருவதில்லை. கைத்தொலைபேசியில் படம் எடுக்க அனுமதிக்கிறார்கள். மின்குமிழ் வெளிச்சம் போதாது என்பதால் காலை நேரத்தில், யன்னலோர மேசையில் இடம் கிடைக்கும்படி செல்வது நல்லது. எந்த ஆண்டு, எந்தத் தொகுதி என்று முன்னரே சொல்லிவிட்டால், கோவைகளை எடுத்து வைத்திருப்பார்கள்.