சூடானா ஸ்டார்ட் ஆகாத கார்: பார்ட் மாத்துறேன்னு காசு வாங்குறவங்ககிட்ட உஷாரா இருங்க

காரைக்குடில ஒரு ஒர்க்‌ஷாப்ல எனக்கு நடந்ததை எழுதுறேன். கம்ப்ளைன்ட் குடுத்திருக்குறதால கடை பேரு போடல. பத்து வருஷத்துக்கு மேல ஓடுன பெட்ரோல் கார் வச்சிருக்குறவங்க முழுசா படிச்சிருங்க.

மே மாசம், கத்திரி வெயில். அப்பத்தாவுக்கு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு மதுரைக்கு மறு செக்கப்புக்கு கூட்டிட்டு போயிட்டு திரும்பி வர்றோம், பிள்ளையார்பட்டில எறங்கி கும்பிட்டுட்டுதான் வீட்டுக்கு போகணும்னு அப்பத்தா சொல்லிருச்சு, சரின்னு வண்டியை நிறுத்திட்டு தரிசனம் முடிச்சு அரை மணி நேரத்துல வந்து சாவியைத் திருப்புனா இன்ஜின் சுத்துது சுத்துது, பிடிக்கவே இல்ல. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த வெயில்ல அப்பத்தா ஒரு கடைத் திண்ணைல ஒரு மணி நேரம் உக்காந்திருந்துச்சு, எனக்கு வயித்தைப் பிசைஞ்சிருச்சு. அப்புறம் சாவியைத் திருப்புனா ஒரே அடில ஸ்டார்ட். ஒண்ணுமே நடக்காத மாதிரி வீடு வந்து சேந்துச்சு.

மறுநாள் காலைல ஒர்க்‌ஷாப்ல விட்டேன். கடைக்காரரு பானட்டைத் திறந்து ரெண்டு நிமிஷம் பாத்துட்டு பேட்டரி வீக்குன்னாரு. "நல்லாத்தான சுத்துது அண்ணே, பேட்டரி வாங்கி எட்டு மாசம்தான ஆகுது"ன்னேன். "சூட்டுல வோல்டேஜ் எறங்கிரும் தம்பி, நம்ம ஊரு வெயிலுக்கு எட்டு மாசமே ஜாஸ்தி"ன்னு சொல்லி 5,400 ரூபாய்க்கு புது பேட்டரி போட்டாரு. பழசை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிட்டாரு. அதுக்கு வாரண்டி இருந்துச்சு, நான் அப்ப யோசிக்கல.

நாலு நாள் கழிச்சு கானாடுகாத்தான்ல ஒரு விசேஷத்துக்கு போனப்ப அதே கதை. திரும்ப கொண்டு போனா இந்த தடவை ஃபியூயல் பம்ப்புன்னாங்க, 8,200. பழைய பம்ப்பைக் குடுங்கன்னு நானே கேட்டு வாங்குனேன், ஒரு அட்டைப்பெட்டில போட்டுக் குடுத்தாங்க. பில்லுன்னு குடுத்தது வெறும் வெள்ளைத்தாள்ல பேனாவுல எழுதுன கணக்கு. அடுத்த வாரம் குன்றக்குடில மலை எறங்கி வந்தா மறுபடி நின்னுருச்சு. இப்ப என்ன சொன்னாங்கன்னா, இசிஎம் (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) போயிருச்சு, 27,000 ஆகும், 10,000 அட்வான்ஸ் போடுங்க.

நல்ல வேளை அன்னைக்கு கைல காசு இல்ல. கூட வேலை பாக்குற ஒருத்தரு தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஒரு வயசான மெக்கானிக்கைச் சொன்னாரு, போனேன்.

அவரு பானட்டைத் தொடவே இல்ல. மொதல்ல கேட்டது, "செல்ஃப் எடுக்குறப்ப இன்ஜின் சுத்துதா, இல்ல டக்குனு சத்தம் மட்டும் வருதா?" சுத்தவே இல்லன்னா பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் பாக்கணும், நல்லா சுத்தியும் பிடிக்கலன்னா ஸ்பார்க்கோ பெட்ரோலோ வரலன்னு அர்த்தம், அது வேற பக்கம்னாரு. என் வண்டி நல்லா சுத்துதுன்னு மொத நாளே நான் சொல்லியும் பேட்டரியை மாத்துனவங்களை நெனச்சா இப்பவும் கொதிக்குது.

அப்புறம் "ஓட்டுங்க தம்பி"ன்னு பக்கத்து சீட்ல ஏறி உக்காந்துட்டாரு. அரை மணி நேரம் ஏசியைப் போட்டு சுத்திட்டு வந்து கடை வாசல்ல ஆஃப் பண்ணி, பானட்டைத் திறக்காம கால் மணி நேரம் அப்படியே விடச் சொன்னாரு. ஓடுறப்ப தண்ணியும் காத்தும் சூட்டை இழுத்துட்டுப் போயிரும், ஆஃப் பண்ணுன பிறகுதான் அது வெளியேற வழியில்லாம பானட்டுக்குள்ள இன்னும் ஏறும், அதனாலதான் கோயிலுக்கு போயிட்டு வந்தா நிக்குதுன்னு சொன்னாரு. காலைல குளுந்த வண்டியை ஷெட்ல ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா இந்தக் கோளாறு ஜென்மத்துக்கும் தெரியாது. முதல் ஒர்க்‌ஷாப்ல மூணு தடவையும் வண்டியை சூட்டுல யாருமே பாக்கல.

கால் மணி கழிச்சு சாவியைப் போட்டதும் பின்னாடி ரெண்டு செகண்ட் உய்ங்குனு சத்தம் கேட்டுச்சு, பம்ப் உசுரோடதான் இருக்குன்னாரு. செல்ஃப் அடிக்கச் சொன்னாரு, சுத்துது, பிடிக்கல. "ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க." இன்ஜின் அந்த சுத்து சுத்தியும் முள்ளு பூஜ்யத்துலயே கெடக்கு, துளி அசையல. நல்லா இருக்கப்ப சுத்துறப்பவே கொஞ்சமாச்சும் தூக்கும்ல, அதுதான் க்ளூ. இன்ஜின் சுத்துறதைக் கவனிக்கிற கிராங்க் சென்சார்னு ஒண்ணு இருக்கு, அது சிக்னல் குடுத்தாத்தான் இன்ஜின் சுத்துறதே இசிஎம்முக்கு தெரியும், அது தெரியாட்டி ஸ்பார்க்கும் விடாது, இன்ஜெக்டரையும் திறக்காது, பம்ப்பையும் தொடர்ந்து ஓட விடாது. அதனால பாக்குறதுக்கு பம்ப் போன மாதிரியும் இருக்கும், இசிஎம் போன மாதிரியும் இருக்கும். ஸ்கேனரை மாட்டிப் பாத்தா பி0335 மாதிரி இந்த சென்சாருக்கான கோளாறு கோடு வரலாம், சில நேரம் ஒண்ணுமே காட்டாது.

அப்புறம் கீழ படுத்து ஈரத்துணியை சென்சார் மேல மட்டும் கொஞ்ச நேரம் வச்சாரு. ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு, டக்குனு பிடிச்சுச்சு. (நீங்களா சூட்டு இன்ஜின் மேல பச்சைத்தண்ணியை ஊத்திறாதீங்க, ரேடியேட்டர் மூடியையும் திறக்காதீங்க.) திரும்ப சூடாக்கி மீட்டரை வச்சா சென்சார்ல ஓம்ஸே காட்டல, ஓப்பன், அதாவது உள்ள கரண்ட் போற வழி அறுந்திருக்கு. ஆறுனப்புறம் ரீடிங் ஒழுங்கா வருது. உள்ள இருக்குற காயில் சூட்டுல விட்டுப் போயி குளுந்தா ஒட்டிக்குதாம். என் வண்டில ரெண்டு வயர் சென்சார்ங்குறதால இப்படி பாக்க முடிஞ்சுது, மூணு வயர் டைப்புல ஓம்ஸ் பாத்து சொல்ல முடியாது, சிக்னலைத்தான் பாக்கணும். புது சென்சார் 1,150, கூலி 300. அவ்வளவுதான்.

கெளம்புறப்ப அந்த அட்டைப்பெட்டியைக் காட்டுனேன். கைல எடுத்து திருப்பிப் பாத்தவரு பின் சீட்டைத் தூக்கச் சொன்னாரு. பம்ப் மூடி மேல செம்மண் தூசி பிஸ்கட்டு மாதிரி படிஞ்சிருக்கு, ஸ்க்ரூ நாலும் துருப்பிடிச்சு ஒரு கீறல் கூட இல்ல, ஓரத்துல என் பொண்ணு சாப்பிட்டுப் போட்ட மிட்டாய் தாளு ஒட்டிப்போய்க் கெடக்கு. யாருமே அதைக் கழட்டல. பெட்டில இருந்த பம்ப்போட கனெக்டர் என் வண்டில மாட்டவே மாட்டாது, வேற ஏதோ வண்டியோடது. மாத்தாத பம்ப்புக்கு 8,200 வாங்கியிருக்காங்க. அந்த மிட்டாய் தாளைப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் நின்னேன், அப்புறம்தான் போட்டோ எடுக்கணும்னு தோணுச்சு.

போட்டோவைக் காட்டிக் கேட்டதுக்கு மொத கடைக்காரரு மொதல்ல சத்தம் போட்டாரு, அப்புறம் பசங்க தப்பு பண்ணிட்டாங்கன்னு சொல்லி 5,000 திருப்பிக் குடுத்தாரு. மிச்சம் 3,200க்கும் பேட்டரிக்கும் பேச்சே இல்ல. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகாரைப் பதிஞ்சிட்டேன். அதுல முடியலன்னா சிவகங்கைல மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடணும், 5 லட்சம் வரைக்கும் குடுத்த காசுக்கு ஃபீஸ் கெடையாது, நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். ஜிபே அனுப்புன ஸ்க்ரீன்ஷாட், அந்த வெள்ளைத்தாள், சீட்டுக்கு அடில எடுத்த போட்டோ, அந்த வேற வண்டி பம்ப்பு எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன். பில்லு இல்லாததுதான் எனக்கு இப்ப பெரிய இடைஞ்சலா இருக்கு, நீங்க ஜிஎஸ்டி பில்லு இல்லாம காசை அனுப்பிறாதீங்க, வண்டியை சூட்டுல ஓட்டிப் பாக்காம பார்ட்டை மாத்தவும் விட்றாதீங்க.

சென்சார் மாத்தி ஏழு வாரம் ஆச்சு. போன ஞாயித்துக்கிழமை அப்பத்தாவை திரும்ப பிள்ளையார்பட்டிக்கு கூட்டிட்டுப் போனேன், உச்சி வெயில்ல நிறுத்திட்டு போயி வந்து சாவியைத் திருப்புனேன், மொத அடிலயே பிடிச்சுருச்சு.