மூச்சு தீர்கிறவரும் தீராதவரும்: ப்ரோட்ஸ்மானா, எவான் பார்க்கரா?

ஃப்ரீ ஜாஸ் கேட்டுப் பார்க்கலாம் என்று இறங்குகிறவரைச் சத்தம்தான் விரட்டும் என்பார்கள். என்னை விரட்டப் பார்த்தது எண்ணிக்கை. ஜெர்மனியின் பீட்டர் ப்ரோட்ஸ்மான், இங்கிலாந்தின் எவான் பார்க்கர் இரண்டு பேரும் சாக்ஸபோன்காரர்கள். இரண்டு பேர் கணக்கிலும் நூற்றுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகள். யாரிடம் முதலில் போவது, போனால் எதை எடுப்பது? (பார்க்கரின் முதல் பெயரை உச்சரிப்புப்படி எழுதினால் ‘எவன்’ என்று வரும். ‘எவன் பார்க்கர்?’ என்று கேட்டால் ‘ஆமாம், அவர்தான்’ என்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் ஒரு துணைக்கால் சேர்த்துக்கொண்டேன்.)

இவ்வளவு தட்டுகள் எப்படிச் சேர்ந்தன என்பதற்குக் காரணம் அந்த இசையிலேயே இருக்கிறது. பெரும்பாலும் முன்கூட்டி எழுதிய மெட்டு கிடையாது, ஒத்திகை கிடையாது. அன்றைக்கு மேடையில் நடப்பதுதான் இசை. மறுநாள் அதே ஆட்கள் அதே ஊரில் வாசித்தாலும் வேறு ஒன்று வரும். ஆக, நல்லபடியாகப் போன ஒவ்வொரு இரவும் ஒரு ஆல்பத்துக்கான சரக்கு. பழைய கச்சேரி டேப்புகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே வித்துவான், ஒரே ராகம், ஆனால் அந்த வருஷத்து அந்த ஊர்க் கச்சேரிதான் வேண்டும் என்று நிற்பார்களே, அந்த மாதிரி.

இருவரும் ஒன்றாக ஊதிய ஒரு தட்டு உண்டு. ஒப்பீட்டை அங்கிருந்து தொடங்குவதுதான் வசதி. 1968 மே மாதம், ஜெர்மனியின் பிரெமன் நகரில் லீலா ஆய்லே என்ற கிளப். எட்டுப் பேர்: மூன்று சாக்ஸபோன், இரண்டு டபுள் பேஸ், இரண்டு டிரம்ஸ், ஒரு பியானோ. தலைவர் ப்ரோட்ஸ்மானுக்கு வயது 27, பார்க்கருக்கு 24. மூன்றாவது சாக்ஸ் ஹாலந்துக்காரர் வில்லம் ப்ரூக்கர். ‘மெஷின் கன்’ என்று பெயர் வைத்து, ப்ரோட்ஸ்மான் சொந்தக் காசில் 300 பிரதி அடித்தார். டிரம்பெட்காரர் டான் செர்ரி அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர்தான் அது. தலைப்புப் பாட்டு சுமார் 17 நிமிஷம். தொடக்கத்தில் மூன்று சாக்ஸும் ஒரே சுரத்தைத் துப்பாக்கி மாதிரியே ‘தடதட’ என்று அடிக்கும். அதற்குள்ளேயே ஆள் அடையாளம் தெரிந்துவிடும். ப்ரோட்ஸ்மான் முறை வரும்போது சுவரே நம்மை நோக்கி நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும். பார்க்கர் முறையில் அந்தச் சுவரில் விரிசல் விடும், விரிசல்களில் இருந்து சின்னச் சின்ன ஒலிகள் உதிரும்.

நான் முதலில் கேட்டது இந்தத் தட்டைத்தான். மூன்றாவது நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். அடுத்த தடவை ஒரு சின்ன வேலை செய்தேன்: ப்ரோட்ஸ்மான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போது நானும் மூச்சை விட ஆரம்பித்து, அவர் முடிக்கும் வரை இழுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட சேர்ந்தே முடிந்தது. அதற்கப்புறம் அந்தச் சத்தம் எனக்குச் சத்தமாகக் கேட்கவில்லை, ஒரு ஆள் நுரையீரலைக் கடைசித் துளி வரை காலி பண்ணிவிட்டு மறுபடி நிரப்புவதாகக் கேட்டது. பார்க்கரின் தனி வாசிப்பிலும் இதையே முயன்றேன். முடியவில்லை. அவர் மூச்சு விடவே இல்லை.

இருவருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பார்க்கர் செய்வது சுழல் மூச்சு. நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரைப் பார்த்திருந்தால் சட்டென்று புரியும். சுருதி அறுந்துவிடக் கூடாது என்பதால், கன்னத்தில் சேர்த்த காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் உள்ளே இழுப்பார். சுருதிப் பெட்டி வந்த பிறகு அந்த ஆளே அரிதாகிவிட்டார், அது வேறு கதை. பார்க்கருக்கும் அதே வித்தைதான், ஆனால் அவர் யாருக்கும் ஒத்து ஊதவில்லை. அறுபடாத அந்தக் காற்றின் மேல், மேல்சுருதியில் ஒலிக்கும் சொப்ரானோ சாக்ஸில் இரண்டு கை விரல்களையும் வேறு வேறு கணக்கில் ஓட்டுகிறார். வழக்கமில்லாத விரல் பிடிப்புகளால் ஒரு சுரம் உடைந்து இரண்டு மூன்றாகக் கேட்கும். நாக்கு தனியாக ஒரு தாளம் போடும். கீழே ஒரு வரி, மேலே ஒரு வரி, நடுவில் விசில் மாதிரி இன்னொன்று. வீடியோவில் பார்த்தால் அசைவே குறைவு. கண் மூடியிருக்கும், கழுத்து விம்மியிருக்கும், விரல்கள் சாவிகளை விட்டு எழும்புவதே தெரியாது. ஒரு ஆள்தான் ஊதுகிறார் என்று காதுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ப்ரோட்ஸ்மான் மேடையில் இதற்கு நேர் எதிர். பெரிய மீசை, இரண்டு காலையும் ஊன்றி நிற்பார், முகம் சிவந்துவிடும். சொப்ரானோவைவிடக் கீழே ஒலிக்கும் டெனர் சாக்ஸ்தான் பிரதான வாத்தியம் என்றாலும் ஆல்ட்டோ, பேஸ் சாக்ஸ், கிளாரினெட் வகைகள், அப்புறம் ஹங்கேரியின் மரக்குழல் வாத்தியமான தாரகாட்டோ வரை கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஊதினார். பார்க்கர் டெனர், சொப்ரானோ இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

வந்த வழியும் வேறு. ப்ரோட்ஸ்மான் 1941இல் ரெம்ஷைட்டில் பிறந்து, பக்கத்து நகரமான வுப்பர்டாலில் ஓவியம் படித்தவர். கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக்குக்கு உதவியாளராகவும் இருந்தார். வாத்தியம் தானாகக் கற்றுக்கொண்டது. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில், அப்பாமார்கள் செய்ததைக் கேள்வி கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அந்தக் கோபத்தை அவரே பல பேட்டிகளில் தன் இசையோடு சேர்த்துப் பேசியிருக்கிறார். பார்க்கர் 1944இல் பிரிஸ்டலில் பிறந்தவர், பர்மிங்காமில் தாவரவியல் படிக்கப் போய், அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் மேல் இருந்த பைத்தியத்தில் படிப்பை விட்டவர். அப்பா விமான நிறுவனத்தில் வேலை பார்த்ததால் 1960களின் தொடக்கத்திலேயே நியூயார்க் போய் ஃப்ரீ ஜாஸ் பியானோக்காரர் செசில் டெய்லரை நேரில் கேட்க முடிந்தது. ஓவியரின் ஒரே வீச்சு ஒருபக்கம், இலை நரம்பைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் பொறுமை மறுபக்கம் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் ‘மெஷின் கன்’னில் பார்க்கரும் சும்மா நிற்கவில்லை.

தட்டுகளைச் சொந்தமாகப் போட்டுக்கொண்டதில் மட்டும் இருவரும் ஒன்று. பெரிய கம்பெனிகள் தொடாத இசை இது. 1969இல் பெர்லினில் யோஸ்ட் கேபர்ஸ் நடத்திய எஃப்எம்பி நிறுவனத்தின் தொடக்கத்திலேயே ப்ரோட்ஸ்மான் இருந்தார். அதன் உறைகள் பலவற்றை வடிவமைத்தவரும் அவரே. 1970இல் லண்டனில் கிதார்காரர் டெரெக் பெய்லி, டிரம்மர் டோனி ஆக்ஸ்லி இருவரோடும் சேர்ந்து பார்க்கர் இன்கஸ் கம்பெனியைத் தொடங்கினார். இன்கஸ் என்பது காதுக்குள் இருக்கும் பட்டடை எலும்பின் பெயர். முதல் வெளியீட்டின் தலைப்பு ‘நுரையீரல்களின் நிலவமைப்பு’ என்று பொருள்படும். மூச்சைப் பற்றி நானாகக் கதை கட்டவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, தட்டுகளுக்கு வருவோம். பொதுவான பேச்சு என்னவென்றால், ப்ரோட்ஸ்மான் ஒரே மாதிரி கத்துவார், பார்க்கர் நுணுக்கமானவர். பாதி உண்மை. ஆனால் அலமாரியில் வரிசையாக வைத்துக் கேட்டால் கணக்கு தலைகீழாகிறது. பார்க்கரின் தனி சொப்ரானோ தட்டுகளில் இரண்டைக் கலைத்துப் போட்டு எது எந்த வருஷம் என்று கேட்டால் நான் தோற்றுவிடுவேன். அது ஒரே ஆறு, வேறு வேறு படித்துறைகளில் இறங்கிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். ப்ரோட்ஸ்மான் தட்டுகள் அப்படிக் குழம்பாது. அவர் பெரிதாக மாறவில்லை, ஆனால் கூட வாசிக்கிற ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

அதிலும் டிரம்மர். ப்ரோட்ஸ்மான் தட்டை எடுக்கும்போது முதலில் டிரம்ஸ் யார் என்று பாருங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். ஹான் பென்னிங்க் என்றால் சிரிப்பு உண்டு. 1977இல் இருவரும் ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஜெர்மனியின் கருங்காட்டுக்குள் போய், ‘ஷ்வார்ட்ஸ்வால்ட்ஃபார்ட்’ என்ற தட்டைப் பதிவு செய்தார்கள். பென்னிங்க் டிரம்ஸ் செட்டுக்குப் பதில் மரத்தையும் கட்டையையும் தண்ணீரையும் அடிக்கிறார், பறவைகள் கத்துகின்றன, ப்ரோட்ஸ்மான் அதற்குப் பதில் ஊதுகிறார். கத்தல் பேர்வழி என்று அவரை ஒதுக்கியவர்களுக்கு நான் கொடுப்பது இதைத்தான். ரொனால்ட் ஷானன் ஜாக்சன் என்றால் 1986இல் தொடங்கிய ‘லாஸ்ட் எக்ஸிட்’ குழு. சானி ஷாராக்கின் கிதாரும் பில் லாஸ்வெல்லின் பேஸும் சேர்ந்து, ஹெவி மெட்டல் கேட்கிறவர்களே ஒலியைக் குறைக்கிற அளவுக்குப் போகும். எனக்கு அது கொஞ்சம் திகட்டும்.

ஹமீத் டிரேக் இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். 1993இல் தொடங்கிய ‘டை லைக் எ டாக்’ நால்வர் குழு: டிரேக், பேஸில் வில்லியம் பார்க்கர் (இவர் அமெரிக்கர், எவானுக்கு உறவில்லை), மின்னணு விளைவுகளோடு டிரம்பெட் ஊதும் ஜப்பானியர் தோஷினோரி கோண்டோ. 1970இல் நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில் பிணமாகக் கிடைத்த சாக்ஸபோன்காரர் ஆல்பர்ட் அய்லரை நினைத்துத் தொடங்கிய குழு அது. டிரேக்கின் தாளம் உருளும், நடக்கும், சில இடங்களில் ஆடக்கூட வைக்கும். அதன் மேல் ப்ரோட்ஸ்மானின் கதறல் ஒரு பாட்டாக மாறுகிறது. அவருடைய தட்டுகளில் ஒன்றே ஒன்று என்றால் எனக்கு இந்தக் குழுவின் முதல் தட்டு. ‘மெஷின் கன்’ சரித்திரம், இது இசை. இதைப் படித்துச் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

அப்புறம் 1997 முதல் 2012 வரை நடந்த சிகாகோ டென்டெட். பத்துப் பேரை, பெரிய வரும்படி இல்லாத இசைக்காக, கண்டம் விட்டுக் கண்டம் 15 வருஷம் கூட்டிக்கொண்டு சுற்றுவது என்பதே ஒரு சாதனை. தட்டுகளில் அதன் எடை முழுசாக வந்திருக்கிறதா என்றால், இல்லை. ப்ரோட்ஸ்மானின் ஒலிக்கு அறை வேண்டும், அறையில் நம் நெஞ்சு அதிர வேண்டும். ஸ்பீக்கரில் பாதிதான் வரும். 2023 ஜூன் 22 அன்று வுப்பர்டாலில் அவர் இறந்த பிறகு அந்தப் பாதிதான் மிச்சம்.

பார்க்கரைத் தட்டில் கேட்பதுதான் உசத்தி என்றுகூடச் சொல்வேன். மைக் பக்கத்தில் இருக்கும்போது கேட்கிற அடுக்குகள் கூடத்தின் கடைசி வரிசையில் கேட்காது. 1978இல் வந்த ‘மோனோசெரோஸ்’ டேப்பே இல்லாமல் நேராகத் தட்டில் வெட்டிய பதிவு. வெட்டி ஒட்ட வழியே இல்லை. 1986இல் வந்த ‘தி ஸ்நேக் டிசைட்ஸ்’ ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தேவாலயத்தில் பதிவானது. பதிவு செய்தவர் மைக்கேல் கெர்சன், ஒலி நம்மைச் சுற்றி எப்படி அமைகிறது என்பதைக் கணக்குப் போட்டு ஆராய்ந்த கணித மூளை. அந்தக் கல் சுவர்கள் பார்க்கரின் ஒலியை அவருக்கே திருப்பி அனுப்புவது கேட்கும். தலைப்புப் பாட்டு சுமார் 20 நிமிஷம். ஹெட்ஃபோன் போட்டு, இருட்டில், ஒரே மூச்சில் கேளுங்கள். உங்கள் மூச்சைச் சொல்லவில்லை, அவருடையதை.

பார்க்கர் தட்டுகளுக்கு டிரம்மர் சூத்திரம் பலிக்காது. தனியா, மூவரா, மின்னணுக் கருவிகளோடு சேர்ந்த கூட்டமா என்று பாருங்கள். மூவர் என்றால் இரண்டு வழி. அலெக்சாண்டர் ஃபான் ஷ்லிப்பன்பாக்கின் பியானோ, பவுல் லோவென்ஸின் டிரம்ஸோடு 1970களின் தொடக்கத்தில் உருவான மூவர் குழு, பல பத்தாண்டுகள் ஒவ்வொரு குளிர்காலமும் ஊர் ஊராகச் சுற்றியது. 1972இல் பதிவான ‘பாகிஸ்தானி பொமேட்’ இன்றைக்கும் புதுசாக இருக்கிறது. பேஸ்காரர் பாரி கை, டிரம்மர் பால் லிட்டன் இருவரோடும் அமைத்த இன்னொரு மூவர் குழுவில் பார்க்கர் டெனர் ஊதும்போது கோல்ட்ரேன் பாசம் மறைவில்லாமல் தெரியும். மின்னணுக் குழுவின் தட்டுகளை மதிக்கிறேன், அடிக்கடி எடுப்பதில்லை.

யாரை முதலில் கேட்பது? ராக், மெட்டல், பறை, உறுமி என்று தாளத்தின் வழியாக இசைக்கு வந்தவர் ப்ரோட்ஸ்மானிடம் போகலாம், டிரேக் இருக்கும் தட்டோடு. சுருதியும் நுணுக்கமும் பிடித்தவர், ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி ஆலாபனை போவதைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர் பார்க்கரிடம் போகலாம். இரண்டையும் பின்னணியில் ஓடவிட்டு வேலை பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வேலையும் கெடும், பாட்டும் கெடும்.

எனக்கு எது என்று கேட்டால், பல வருஷம் பார்க்கர் பக்கம்தான் நின்றேன். மாற்றியது 2019இல் வந்த ‘ஐ சரண்டர் டியர்’. எழுபதுகளின் கடைசியில் ப்ரோட்ஸ்மான் துணைக்கு ஆளே இல்லாமல், டெனரை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய அமெரிக்கக் காதல் பாட்டுகளை ஊதுகிறார். மெட்டு வருகிறது, பாதியில் உடைகிறது, மறுபடி எங்கிருந்தோ எடுக்கிறார். ஒவ்வொரு வரி முடிந்ததும் ஒரு இடைவெளி. ‘மெஷின் கன்’ காலத்தில் அந்த இடத்தை இரண்டு டிரம்மர்கள் நிரப்பினார்கள். இப்போது அங்கே ஒன்றும் இல்லை, அடுத்த மூச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார்.