முப்பத்தொரு ஆட்டம் ஆடினான், கணக்கில் வந்தது பதினேழு

சின்ன கால்பந்து கிளப் நடத்துகிறவர்கள், அதிலும் முதல் தடவையாக ஒரு பையனை வெளிநாட்டு கிளப்புக்கு விற்கப் போகிறவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் எங்கள் கிளப்பின் செயலாளர். சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை, மாலையில் மைதானம், ராத்திரி கணக்கு நோட்டு. கீழ்மட்ட லீக் கிளப் எல்லாமே அநேகமாக இப்படித்தான் ஓடுகின்றன.

எங்களை ஏமாற்றிய கிளப்பின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு தகராறு இன்னும் முடியாமல் இருக்கிறது. தொகையையும் சொல்லவில்லை. எங்களுக்குப் பேசிய டிரான்ஸ்ஃபர் தொகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த அளவுகோலில்தான்.

பையன் 12 வயதில் எங்களிடம் வந்தான். இடது காலாட்டக்காரன், விங்கில் ஓடுவான். 19 வயதில், 2021 கோடையில், ஒரு ஏஜென்ட் மூலமாக வெளிநாட்டு முதல் டிவிஷன் கிளப் ஒன்று கேட்டு வந்தது. எங்கள் கமிட்டியில் யாரும் அதுவரை அப்படி ஒரு எண்ணைக் கேட்டதில்லை. அந்த 100 என்ற எண்ணை நாங்கள் கொண்டாடிக்கொண்டிருந்தோம். அதைச் சுற்றி இருந்த வார்த்தைகளை அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பந்தப்படி கையெழுத்தானதும் 30. ஒரு வருடம் கழித்து, 2022 ஆகஸ்டில், 30. மிச்சம் 40, பையன் முதல் இரண்டு சீசனுக்குள் 20 ஆட்டம் ஆடினால். அதற்கு மேல், அவனை அவர்கள் வேறு யாருக்காவது விற்றால் லாபத்தில் 20 சதவீதம் எங்களுக்கு. இதைத்தான் செல்-ஆன் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

முதல் 30 வந்தது. வந்த வாரமே ஏஜென்ட் அதில் 10 எடுத்துக்கொண்டார். பேசிய கமிஷன் 10 சதவீதம். எதில் 10 சதவீதம், எப்போது என்று எழுதவில்லை. அவர் மொத்தம் 100-க்கும் சேர்த்து முதல் தவணையிலேயே எடுத்துக்கொண்டார். அதாவது எங்களுக்கு இன்றுவரை வராத பணத்துக்கும் நாங்கள் கமிஷன் கொடுத்திருக்கிறோம். வருகிற தவணையில் அந்தந்தப் பங்கு என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஏஜென்ட்டுகள் பற்றி இன்னொன்று: 2015-இல் ஃபிஃபா தன் பழைய லைசென்ஸ் முறையை எடுத்துவிட்டது. 2023-இல்தான் பரீட்சை வைத்து லைசென்ஸ் தரும் முறை திரும்பி வந்தது. நாங்கள் மாட்டியது அந்த இடைவெளியில். இப்போது லைசென்ஸ் உள்ளவர்கள் பெயரை ஃபிஃபா தளத்திலேயே தேடிப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை.

ஒப்பந்தத்தில் நாங்கள் ஒன்றுமே கவனிக்கவில்லை என்று இல்லை. பையனின் ஆட்ட ஒப்பந்தத்தில் ‘மருத்துவப் பரிசோதனையில் தேறினால் மட்டுமே செல்லும்’ என்று ஒரு வரி இருந்தது. அப்படி நிபந்தனை போடக் கூடாது, பரிசோதனையை முதலில் முடித்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. எங்கள் பொருளாளர் அதைக் கண்டுபிடித்து அடிக்கச் சொன்னார், அவர்களும் மறுபேச்சில்லாமல் அடித்தார்கள். அந்தப் பெருமையிலேயே மற்ற பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டோம்.

புரட்டிய பக்கத்தில் ஒன்று: ‘இத்தொகை அனைத்தையும் உள்ளடக்கியது’. இந்த மூன்று வார்த்தைகள் என்ன தின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. 23 வயதுக்குள் ஒரு ஆட்டக்காரன் நாடு விட்டு நாடு போனால், அவனைப் பயிற்சி கொடுத்து அனுப்பும் கிளப்புக்குப் பயிற்சி இழப்பீடு என்று தனியாக ஒரு தொகை உண்டு. டிரான்ஸ்ஃபர் தொகையோடு அதற்குச் சம்பந்தமில்லை; வாங்கும் கிளப் எந்த வகையில் இருக்கிறது, நாம் எத்தனை வருடம் பயிற்சி கொடுத்தோம் என்பதை வைத்துக் கணக்கிடுவார்கள். அதை நாங்கள் அந்த 100-க்குள்ளேயே விட்டுக்கொடுத்துவிட்டோம், கேட்காமலே.

இப்போது அந்த 20 ஆட்டத்துக்கு வருகிறேன். இரண்டு சீசனில் அவன் 31 ஆட்டம் ஆடினான். நாங்கள் ஒவ்வொன்றையும் பார்த்தோம், கிளப் அறையில் போர்டில் கோடு போட்டு எண்ணினோம். 20-ஆவது ஆட்டத்தன்று பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பணம் கேட்டு எழுதியபோது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். வரையறைகள் என்று தலைப்பு. ‘ஆட்டம்’ என்றால் லீக் ஆட்டம், அதுவும் தொடக்கப் பதினொருவரில் இருந்தால். அந்தக் கணக்கில் அவன் ஆடியது 17. மீதி 14 ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரனாக இறங்கியவன்.

அவனிடம் ஃபோனில் கேட்டேன். “அண்ணே, கடைசி எட்டு மேட்ச்சும் பாதி முடிஞ்சதும்தான் இறக்கினாங்க. 46-ஆவது நிமிஷம். கேட்டா உன்னைப் பாதுகாக்கிறோம்னு சொல்றாங்க.” வேண்டுமென்றே செய்தார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது. கோச்சுக்கு அவர் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் மூன்றாவது சீசன் தொடங்கியதும், எங்கள் நிபந்தனை காலாவதியானதும், அவன் முதல் ஆட்டத்திலிருந்தே தொடக்கப் பதினொருவரில் இருந்தான்.

சரி, 40 போனது. அது சட்டப்படி போனது, எங்கள் அவசரத்தால் போனது. ஆனால் 2022 ஆகஸ்டில் வர வேண்டிய இரண்டாவது 30-க்கு எந்த நிபந்தனையும் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் தூக்கத்தைக் கெடுப்பது.

அந்தப் பணம் வரவில்லை. நான் மின்னஞ்சல் அனுப்பினேன். ‘அடுத்த விண்டோவில்’ என்றார்கள், அதாவது ஆட்டக்காரர்களை வாங்கிப் பதிவு செய்கிற அடுத்த காலத்தில். ‘ஒளிபரப்புப் பணம் வந்ததும்’ என்றார்கள். ஒரு தடவை அவர்கள் நிர்வாகி ஃபோனில் அரைமணி நேரம் எங்கள் கிளப்பைப் பற்றி அன்பாக விசாரித்தார், இன்னும் இரண்டு பையன்களை எடுக்கப் போவதாகச் சொன்னார். எங்கள் கமிட்டியில் ஒருமனதாக முடிவு: உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதும்போதுகூட ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்றுதான் எழுதினேன்.

இதே சமயத்தில் இன்னொன்று நடந்தது. அந்த 2022 இறுதியில் பையனுக்குச் சம்பளமும் நின்றது. ஒரு மாதம் ஆனதும் எனக்கு ஃபோன் செய்து, “அண்ணே, கிளம்பி வந்துடட்டுமா?” என்றான். அவசரப்படாதே, பொறுமையாக இரு, பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் புத்தி சொன்னேன். நல்லவேளை அவன் எனக்குப் பதிலாக அறையில் கூட இருந்த மூத்த ஆட்டக்காரன் ஒருவனைக் கேட்டான். ஒரு மாதப் பாக்கியோடு கிளம்பினால் ஒப்பந்தத்தை முறித்தவன் நீதான் என்று உன் மேலேயே வழக்குப் போடுவார்கள்; இரண்டு மாதச் சம்பளம் பாக்கியாகட்டும், பிறகு எழுத்தில் அறிவிப்புக் கொடு, 15 நாள் கெடு வை, அதற்குள் முழுப் பாக்கியும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு நீ வெளியேறலாம் என்று அவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். 2018-இல் ஃபிஃபா விதிகளில் சேர்க்கப்பட்ட ஏற்பாடு இது. ஒப்பந்தம் முறிந்தால் டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமலே ஆள் போய்விடுவான் என்பது கிளப்புக்குத் தெரியும்.

பையன் ஒரு பக்கம் எழுதினான். தேதி, எந்தெந்த மாதம், எவ்வளவு, எந்தக் கணக்கில் போட வேண்டும், 15 நாள். மேலான கவனமும் இல்லை, தாழ்மையும் இல்லை. 13-ஆவது நாள் முழுப் பணமும் வந்தது.

அந்தச் செய்தியை அவன் எனக்கு அனுப்பியபோது நான் சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான். அதே கடிதத்தை நாங்களும் எழுதலாமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது தெரியும். கிளப்புக்குக் கிளப் தர வேண்டிய பணம் 30 நாளுக்கு மேல் தாமதமானால், எழுத்தில் குறைந்தது 10 நாள் கெடு கொடுத்துவிட்டு ஃபிஃபாவின் கால்பந்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தீர்ப்புக்குப் பிறகும் கொடுக்காவிட்டால் அந்த கிளப் மூன்று பதிவுக் காலம் வரை புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாது. வருடாவருடம் ஆள் வாங்கி விற்றுப் பிழைக்கிற கிளப்புக்கு அதைவிட வலிக்கிற இடம் கிடையாது.

2025 ஜனவரியில் அவர்கள் பையனை மூன்றாவது ஒரு நாட்டு கிளப்புக்கு 300-க்கு விற்றார்கள். செய்தியைப் பார்த்த பிறகுதான் நாங்கள் வக்கீலைத் தேடினோம். அந்த அம்மா கோப்பைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது ஒரு தேதி. 2022 ஆகஸ்ட் என்றேன். கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். தகராறுக்குக் காரணமான நாளிலிருந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டால் தீர்ப்பாயம் வழக்கை எடுக்காது. எங்கள் கெடு 2024 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. அந்த ‘அடுத்த விண்டோ’க்கள் எல்லாம் எதற்கு என்று அப்போது புரிந்தது.

“நீங்க ரொம்ப மரியாதையா எழுதியிருக்கீங்க சார்,” என்றார். பாராட்டு இல்லை அது.

செல்-ஆன் கணக்கு இதைவிட அழகு. 300-இல் 20 சதவீதம் 60 என்று நாங்கள் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தோம். ஒப்பந்தத்தில் இருந்தது ‘லாபத்தில்’. லாபம் என்றால் விற்ற தொகையிலிருந்து வாங்கிய டிரான்ஸ்ஃபர் தொகையும், செலவுகளும் போக மிச்சம். செலவு எது என்று பட்டியல் இல்லாததால் ஏஜென்ட் கமிஷன், பையனுக்குக் கொடுத்த போனஸ், தங்கும் வீட்டு வாடகை வரை சேர்த்து 120 காட்டினார்கள். வாங்கிய தொகை என்று 100 கழித்தார்கள். கவனியுங்கள், 100. எங்களுக்குக் கொடுத்தது 30. கொடுக்காத 70-ஐயும் எங்கள் பங்கிலிருந்தே கழித்தார்கள். மிச்சம் 80, அதில் 20 சதவீதம் 16. அந்த 16 வந்தது. மீதிக்குத்தான் இப்போது தகராறு நடக்கிறது. இந்த தடவை தேதியைக் காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். ‘லாபத்தில்’ என்று யார் எழுதிக் கொடுத்தாலும் ‘விற்ற மொத்தத் தொகையில்’ என்று மாற்றச் சொல்லுங்கள். சதவீதத்தைக் குறைத்துக்கொண்டாவது மாற்றுங்கள். மொத்தத்தில் 10 சதவீதம் என்றிருந்தால்கூட எங்களுக்கு 30 வந்திருக்கும்.

இத்தனையிலும் நாங்கள் கேட்காமலே வந்த பணம் ஒன்று உண்டு. ஆட்டக்காரன் ஒப்பந்தக் காலத்துக்குள் சர்வதேச அளவில் விற்கப்படும்போது அந்தத் தொகையில் 5 சதவீதத்தை, அவனை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒற்றுமைப் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 12 முதல் 15 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் 0.5. சின்ன எண்ணாகத் தெரியும். 2017-இல் நெய்மாருக்காகக் கொடுக்கப்பட்ட 22.2 கோடி யூரோவுக்கு இதே விகிதத்தைப் போட்டுப் பாருங்கள், 13 வயதில் ஒரே ஒரு வருடத்துக்கு 5,55,000 யூரோ. முன்பெல்லாம் இதைக் கிளப்புகள் துரத்தித் துரத்திக் கேட்க வேண்டும், 2022 நவம்பரிலிருந்து, இந்தப் பணத்தை வாங்கிப் பிரித்து அனுப்புவதற்காக பாரிஸில் உள்ள ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு வழியாக வருகிறது.

எங்களிடம் அவன் இருந்தது 12 முதல் 19 வரை. நாலு கால் சதவீதம், நாலு அரை சதவீதம், மொத்தம் 3 சதவீதம். 300-இல் 9. வந்தது 6. இங்கே எங்களை யாரும் ஏமாற்றவில்லை. ஆட்டக்காரனின் மின்னணுப் பாஸ்போர்ட்டில் எந்த வருடம் எந்த கிளப்பில் பதிவு என்று இருக்கிறதோ அதை வைத்துத்தான் பங்கு. 12 முதல் 15 வரை அவனை நாங்கள் கால்பந்துச் சங்கத்தில் பதிவே செய்யவில்லை. சின்னப் பையன்கள்தானே, போட்டி ஆடும்போது பதிவு செய்துகொள்ளலாம் என்று விட்டது நான். என் வருகைப் பதிவேட்டில் அந்த நாலு வருடமும் அவன் பெயர் இருக்கிறது, ஷூ அளவோடு. அந்த நோட்டை வைத்து அந்த 3-ஐ மீட்க முடியவில்லை. இப்போது எங்கள் கிளப்பில் 12 வயது ஆனவன் எல்லாம் பதிவு செய்யப்பட்டிருக்கிறான், காலே சரியாக ஓடாதவன்கூட.

ஏன் இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன் என்றால், போன மாதம் அதே ஏஜென்ட் அதே எண்ணிலிருந்து மறுபடி செய்தி அனுப்பினார். எங்கள் கோல்கீப்பருக்கு ஒரு இடம் இருக்கிறதாம். பையனுக்கு 17 வயது. 18-க்குக் கீழே வெளிநாட்டு டிரான்ஸ்ஃபர் கூடாதே என்று கேட்டேன். அதற்கு விதிவிலக்குகள் உண்டுதான். பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோனால் என்பது அதில் ஒன்று. “அப்பாவுக்கு அங்கே ஒரு வேலை காட்டிடலாம், அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்,” என்று பதில் வந்தது. இப்படிக் காட்டுகிற வேலை பேப்பரில் மட்டும் இருக்கும், மாட்டினால் பையனின் பதிவு நிற்கும். நான் அவருடைய ஃபிஃபா லைசென்ஸ் எண்ணைக் கேட்டு எழுதினேன், தேதி போட்டு, 10 நாள் கெடு வைத்து.

இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. இன்று ஒன்பதாவது நாள்.