லேடெக்: அட்டவணை ஓடிப்போகும் வரை தங்கமான பிள்ளை

நண்பரின் மகள் இந்த செமஸ்டர் கோலாலம்பூரில் மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்கிறாள். "அங்கிள், தீசிஸை வேர்டில் எழுதவா, லேடெக்கில் எழுதவா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டாள். லேடெக் என்பது, எழுத்தோடு கட்டளைகளையும் சேர்த்துக் கொடுத்தால் பக்கத்தைத் தானே அமைத்துத் தரும் அச்சுக்கோப்பு மென்பொருள். பினாங்கில் பிஎச்டி செய்த காலத்திலிருந்து நான் லேடெக்கோடுதான் குப்பை கொட்டுகிறேன். எப்படி இறக்குவது, எப்படித் தொடங்குவது என்பதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. அதில் சொல்லாததை நான் சொல்கிறேன்.

குறை ஒன்றுதான், ஆனால் உயிரை வாங்கும் குறை. அட்டவணையும் படமும் வைத்த இடத்தில் இருக்காது.

என் ஆய்வு பினாங்கு ஆற்று நீரின் தரம் பற்றியது. பிஎச், கலங்கல், அம்மோனியா, கரைந்த ஆக்சிஜன் எல்லாம் ஒரே நீள அட்டவணையில் இருந்தன. "கீழேயுள்ள அட்டவணையில் காண்க" என்ற வரிக்கு அடியில் அதை வைத்தேன். பிடிஎஃப்பைத் திறந்தால் அந்த வரிக்குக் கீழே அடுத்த பத்தி. அடுத்த பக்கத்திலும் காணோம். அத்தியாயம் முடிந்த பிறகு, கடைசியில் போய் உட்கார்ந்திருந்தது. அது மட்டுமா, அதற்குப் பின்னால் வரவேண்டிய அட்டவணைகள் எல்லாம் அங்கேயே வரிசையாகக் கிடந்தன. சூப்பர்வைசர் அந்த வரியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "எங்கே?" என்று எழுதிக் கொடுத்தார்.

காரணம் இதுதான். வழக்கமான அமைப்பில், எழுத்தோடு சேர்ந்து வரும் பக்கத்தின் மேற்பகுதியில் அட்டவணைக்கு 70 சதவீதம் வரைதான் இடம். கீழ்ப்பகுதியில் 30 சதவீதம். மேலே மட்டும் வை என்று சொல்லிவிட்டு 75 சதவீத உயரத்துக்கு ஓர் அட்டவணையைக் கொடுத்தால் அது எங்கும் நுழையாது. தனிப் பக்கத்துக்கு நாம் அனுமதி கொடுத்திருந்தால் அங்கே போயிருக்கும். வரிசை மாறக்கூடாது என்பது இன்னொரு விதி. ஆகவே கல்யாணப் பந்தியில் முன்னால் நிற்பவர் உட்காராவிட்டால் பின்னால் உள்ளவர்களும் இலையைப் பார்த்தபடி நிற்பது போல, மற்ற அட்டவணைகளும் நிற்கும். அத்தியாயம் முடியும்போதுதான் கதவு திறக்கும். ஆய்விதழ்க் கட்டுரையில் அத்தியாயமே கிடையாது என்பதால், மேற்கோள் பட்டியலுக்கும் பின்னால் போய் விழும். நேற்று ராத்திரி எனக்கு நடந்தது அதுதான்.

விதியில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? ஒரே ஒரு வரியில் சொற்களுக்கு இடையே இடைவெளி அளவு மீறிவிட்டால் போதும், "அண்டர்ஃபுல் எச்பாக்ஸ், பேட்னெஸ் 10000" என்று கூப்பாடு போடுகிறது. பேட்னெஸ் என்றால் மோசத்தின் அளவு. அந்தக் கணக்கில் 10000தான் உச்சம், அதற்கு மேல் மோசமே கிடையாது. ஒரு வரியின் இடைவெளிக்கு உச்சபட்ச மோசம், ஓர் அட்டவணையே காணாமல் போனால் மௌனம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் ஆறவே இல்லை.

மற்றபடி இதன் மீது எனக்கு இருக்கும் பிரியம் சாதாரணமானது இல்லை. அடியில் ஓடுவது கணினி விஞ்ஞானி டொனால்ட் கனூத்தின் டெக் என்ற மென்பொருள். 1977இல் அவருடைய நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படிகள் அசிங்கமாக இருந்ததால், தானே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருள் எழுத உட்கார்ந்தவர். அது வரி வரியாக வெட்டாது. பத்தி முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் எங்கே உடைப்பது என்று முடிவு செய்யும். அந்த அழகு பக்கத்தைப் புரட்டினாலே தெரியும். அதன் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கணிதத்தில் வரும் பை (π) மதிப்பை நெருங்கும். 2021இல் 3.141592653க்கு வந்தது. அவருடைய நூல்களில் பிழை கண்டுபிடித்தால் 2.56 டாலருக்குக் காசோலை அனுப்பி வந்தார். பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் எழுதினால் 256 என்பது 100, ஆகவே 256 சென்ட் அந்தக் கணக்கில் ஒரு டாலர், அதனால் அந்தத் தொகை. பலர் அதைப் பணமாக்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்தார்கள். 2008இலிருந்து நிஜக் காசோலைக்குப் பதில், சான் செரிஃப் என்ற இல்லாத தீவின் வங்கிச் சான்றிதழ் தருகிறார்.

அப்புறம் ஒரு பூனைக் கதை. 1975இல் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் ஹீலியம்-3 பற்றிய கட்டுரையை "நாங்கள்" என்றே தட்டச்சு செய்து முடித்திருந்தார். ஒருவர் தனியாக எழுதிய கட்டுரையில் அப்படி எழுதினால் இதழ் ஏற்காது என்று சக ஊழியர் சொன்னார். முழுவதையும் திரும்ப அடிக்க மனமில்லாமல், தன் சயாமீஸ் பூனை செஸ்டரை எஃப். டி. சி. வில்லார்ட் என்ற பெயரில் இணை ஆசிரியராக்கினார். பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸில் வெளியாகிவிட்டது. கட்டுரையின் சில பிரதிகளில் பூனையின் பாதத்தை மையில் தோய்த்துக் கையொப்பமும் வைத்தார். லேடெக் இருந்திருந்தால் "நாங்கள்" என்பதை மாற்ற ஒரு நிமிடம், பூனைக்கு அந்தப் பெயரே கிடைத்திருக்காது. ஆசிரியர் வரிசை, இதழின் வடிவம், மேற்கோள் பாணி எதை மாற்றச் சொன்னாலும் ஓரிரு வரி வேலைதான். நன்றியுரையில் அம்மாவுக்குத் தமிழிலேயே நாலு வரி எழுதினேன், லேடெக்கின் இன்னொரு வடிவமான ஸீலேடெக் ஓர் எழுத்துகூட உடையாமல் அச்சடித்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். வேர்டிலேயே எழுதும்மா. உன் சூப்பர்வைசர் வேர்டில்தான் திருத்திக் கொடுப்பார், உன் தலைப்பில் சமன்பாடு என்று ஒன்றுகூட வராது, விடிய விடிய அட்டவணையைத் தேடி உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். நான் நேற்றைய கட்டுரையை லேடெக்கிலேயே முடித்து அனுப்பப் போகிறேன். தலைப்பு மாறி, பக்கத்துக்குப் பக்கம் கணக்கு வருகிற மாதிரி ஆனால் மட்டும் போன் பண்ணு. என் டெம்ப்ளேட்டைத் தருகிறேன், அதில் எல்லா அட்டவணைக்கும் தனிப் பக்க அனுமதி போட்டு வைத்திருக்கிறேன்.