ஹாகி கிண்ணம்: நான்கு வருடம் பழக்கிய பிறகு

ஹிரோஷிமாவில் வேலை பார்த்தபோது, யாமாகுச்சி மாகாணத்து ஹாகி ஊருக்கே போய் வாங்கிய மட்சா (பச்சைத் தேயிலைப் பொடி) கிண்ணம் இது. விலை 12,000 யென். வாங்கும்போது வெளிறிய இளஞ்சிவப்பு மண், அதன்மேல் வைக்கோல் சாம்பல் கலந்த வெள்ளை மெருகு, அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு. கெட்டித் தயிர் வழிந்து பாதியில் நின்ற மாதிரி இருக்கும்.

முதல் வாரமே மேஜையில் ஈர வட்டம். கிண்ணம் கசிகிறது! ஏமாந்துவிட்டோமோ என்று விற்றவரிடம் கேட்டேன். ஹாகி மண் சொரசொரப்பானது, சுட்டாலும் முழுசாக இறுகாது என்றார். சூளை ஆறும்போது மெருகு மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. தேநீர் அதற்குள் இறங்கி, வருடக்கணக்கில் நிறத்தை மாற்றும். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு பழகுபவர்கள் இதை ‘ஹாகியின் ஏழு மாற்றங்கள்’ என்பார்கள்.

கசிவுக்கு அவர் சொன்ன வைத்தியம்: அரிசி களைந்த தண்ணீரில் கிண்ணத்தை முக்கி, மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவிட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புது மண்சட்டியைக் கழனித்தண்ணீர் ஊற்றி அம்மா பழக்குவாளே, அதேதான். கஞ்சிப்பசை துளைகளை அடைக்கிறது. இரண்டு முறை செய்தேன், கசிவு நின்றது.

புழங்க அருமையான கிண்ணம். 2 கிராம் மட்சா, 80 டிகிரி சூட்டில் 70 மில்லி தண்ணீர். சுவர் தடிமன் என்பதால் கையைச் சுடாது, சூடும் சீக்கிரம் இறங்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். சோப்பு கூடாது, மைக்ரோவேவ் கூடவே கூடாது. அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது.

நானும் ஒருமுறை அவசரப்பட்டேன். ஜூன் மாத மழைக்காலத்தில், வெளியே காய்ந்ததாகத் தெரிந்ததை நம்பி மரப்பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் பூஞ்சை வாடை. கொதிக்கவைத்து நான்கு நாள் காயவைத்ததில் வாடை போனது, அடியில் சாம்பல் நிறத் திட்டு மட்டும் தங்கிவிட்டது. இப்போதெல்லாம் ஒரு வாரமாவது வெளியே கவிழ்த்துவைத்த பிறகுதான் பெட்டி.

அடிவளையத்தில் ஒரு வெட்டு உண்டு. பிரபுவுக்குச் செய்த கிண்ணத்தைச் சாதாரண மக்களும் வாங்கும்படி வேண்டுமென்றே பழுதாக்கினார்கள் என்று கதை சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. 1600களின் தொடக்கத்தில் இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தவர்களே கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்கள்தான். அடியை வெட்டும் வழக்கமும் அவர்களோடு வந்திருக்கலாம்.

இதில் ரசம் குடிக்கலாமே என்றார் வீட்டுக்கு வந்த நண்பர். கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

இன்றைக்கு உட்புறம் லேசான பழுப்பு. விரிசல் கோடுகள் பெரும்பாலும் தேநீர் நிற்கும் மட்டம்வரைதான் கருத்திருக்கின்றன. தினமும் நான் வாய் வைக்கும் பக்கத்தில் மட்டும் விளிம்புவரை ஏறியிருக்கின்றன.