தங்கச்சிமடத்துக்கு வீடு தேடி வரும் பிசியோதெரபி – அம்மாவின் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் வயதானவர்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் சொல்வேன். ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி வருகிறார்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது மதுரையில், அடிக்கடி அங்கே அலைய முடியாது.

பயிற்சியைவிட, வலி மாத்திரை விஷயத்தில் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் காட்டிய அக்கறைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அம்மா வலி உச்சத்துக்குப் போன பிறகுதான் மாத்திரை கேட்பார், அதற்குள் காலை அசைக்கவே பயம் வந்துவிடும். டாக்டர் எழுதிய பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுங்கள், பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் ஒரு வேளை வருகிற மாதிரி பாருங்கள் என்றார். சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும், சேர்ந்தால் அளவு மீறிவிடும் என்று வீட்டிலிருந்த அட்டை ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தார். பக்கத்து வீட்டில் கொடுத்த டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரையைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்: இந்த வயதில் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறவர்களுக்கு ரத்தக்கசிவும் வரலாம், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். டிரமடால் என்ற வலி மருந்து போட்ட ராத்திரி தலை சுற்றும், தனியாக எழ விடாதீர்கள் என்றார். ஐஸ் பையைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்தது அம்மாவுக்கு நல்ல சுகம்.

சித்தி எண்ணெய் போட்டுக் காலை நீவ வந்தபோது, கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம், நீவாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்னார். சரியான பேச்சு.

அம்மாவுக்கு அரிவாள்மனையில் உட்கார்ந்து மீன் நறுக்காமல் கை ஓடாது. "தரையில உட்காரக் கூடாதும்மா, இடுப்பு ரொம்ப மடங்கினா மூட்டு நழுவிரும்" என்று சொல்லி, உயரமான மேசையில் கத்தியால் நறுக்கச் சொல்லிக் கொடுத்தார். "சரி தாயி" என்று கேட்டுக்கொண்டார், நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார். வாசல் மணலில் வாக்கர் புதையும் என்று நடையெல்லாம் சிமெண்ட் திண்ணையில்தான்.

குறை ஒன்று உண்டு. சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, அதனால் முன்கூட்டிக் கொடுத்த மாத்திரையின் பலன் சில நாள் பயிற்சிக்கு முன்பே தீர்ந்துவிட்டது, அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். இதை அவர்கள் கட்டாயம் திருத்த வேண்டும். கூப்பிடும்போதே, கிளம்பும்போது ஒரு போன் செய்யச் சொல்லிவிடுங்கள், அதன் பிறகு மாத்திரை கொடுத்தால் போதும். டிஸ்சார்ஜ் சம்மரியும் எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும், முதல் நாளே கேட்பார்கள்.